புதுப்பிப்பு: தோசைக்கல்லில் சுட்ட மீன் கட்லெட்

மீன் கட்லெட்டை எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் தோசைக்கல்லிலேயே சுட்டெடுத்தால் திருப்பும்போது உடைந்துவிடாதா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்; நீங்களும் யோசனைகள் சொல்லியிருந்தீர்கள். உடையாமல் வந்தது.

அரை கிலோ சூரை மீனை மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து வேகவைத்து, ஆறியதும் முள்ளும் தோலும் நீக்கி, நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து உதிர்த்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபடியே 200 கிராம் உருளைக்கிழங்கைத் தோலுடன் ஆவியில் வேகவைத்ததால் அது நீர் கோக்காமல் மாவாக மசிந்தது. கட்லெட் உடைவதற்குக் காரணம் எண்ணெய்க் குறைவு அல்ல, கலவையில் தங்கும் ஈரமே என்று இப்போது தோன்றுகிறது. வதக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், மிளகுத்தூள், கறிவேப்பிலை சேர்த்துப் பிசைந்து தட்டி, முட்டையின் வெள்ளைக்கருவில் தோய்த்து, பொடித்த ஓட்ஸில் புரட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். வழக்கமாகப் புரட்டும் ரஸ்க் தூளின் மொறுமொறுப்பு ஓட்ஸுக்கு வராதுதான். மிதமான தீயில் ஓரம் பொன்னிறமாகி, கட்லெட் தானாகக் கல்லை விட்டு நழுவும்வரை தோசைக் கரண்டியை அருகில் கொண்டுபோகக் கூடாது.

பக்கத்தில் பீன்ஸ் பொரியல் வைத்தேன். தயிர்ப் பச்சடியைப் பரிந்துரைத்தவர்களுக்கு ஒரு சொல்: மீனோடு தயிர் சேர்க்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பதில்லை, ஆகவே வெள்ளரியையும் கேரட்டையும் துருவி எலுமிச்சைச் சாறு பிழிந்து பரிமாறினேன்.