பவளத்துக்கும் வைரஸா?

கண்ணன் மாமா: மீனா, பவளப்பாறைகளை வைரஸ் கொல்கிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையாம்மா?

மீனா: பாதி உண்மை மாமா. பவளத்தில் வைரஸ் இருப்பது உறுதி. கொல்வது அதுதான் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

லதா சித்தி: பவளம் கல்தானே? கல்லுக்கு எப்படி வைரஸ் வரும்?

மீனா: கல் அதன் வீடு சித்தி. அதைக் கட்டுவது ஜெல்லிமீனுக்கு உறவான குட்டி விலங்கு. அதன் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் சமைத்துப் பவளத்துக்கும் ஊட்டுவது அந்தப் பாசிதான். மேலே சளிப்படலம், அதில் பாக்டீரியா. வைரஸ்கள் இந்த எல்லாரிடமும் இருக்கின்றன.

இனியன்: அப்போ எல்லாப் பவளத்துக்கும் நோயா அக்கா?

மீனா: இல்லைடா. நல்லா இருக்கும் பவளத்திலும் வைரஸ் ஏராளம். சளியில் ஒட்டியிருக்கும் சில வகைகள் பாக்டீரியாவை மட்டும் தாக்கும். அது பவளத்துக்குக் காவல். பவளம் முதல் மனிதர் வரை பல உயிர்களின் சளியில் இந்த ஏற்பாடு இருப்பதை 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

கண்ணன் மாமா: பிறகு எப்போது கெடுதல் செய்கிறது?

மீனா: கடல் சூடாகும்போது என்று சந்தேகிக்கிறார்கள். காய்ச்சலில் உதட்டில் கொப்புளம் வருமே, அந்த ஹெர்பிஸ் உடம்பில் தூங்கிக்கொண்டிருந்து நாம் தளரும்போது எழும். 2008-இல் வெளியான ஆய்வில், சூடும் அதிகப்படியான சத்துகளும் தாக்கிய பவளத்தில் ஹெர்பிஸ் போன்ற வைரஸ்களின் தடயம் பெருகியிருந்தது. பசிபிக் கடலில் உள்ள மூரியா தீவில் 2018 முதல் 2020 வரை 54 பவளக் கூட்டங்களைக் கவனித்தார்கள். பாசியைத் தாக்கும் ஆர்.என்.ஏ வைரஸ் அநேகமாக எல்லாவற்றிலும் இருந்தது.

லதா சித்தி: பாசி போனால் பவளம் பட்டினிதானே. பாவம்.

மீனா: ஆமாம் சித்தி. பாசி போய் வெளுத்த பவளத்தின் படத்தைப் பார்த்தாலே எனக்கு மனசு கனத்துவிடும்.

கண்ணன் மாமா: செய்தியில் ஃப்ளோரிடா என்று போட்டிருக்கிறதே?

மீனா: அது 2014-இல் மயாமி அருகே தொடங்கிய நோய். சதை உரிந்து எலும்புக்கூடு வெளியே தெரியும். 20-க்கும் மேற்பட்ட பவள இனங்களைத் தாக்கியிருக்கிறது. நோயுற்ற பவளத்தின் பாசிக்குள் நூல் போன்ற வைரஸ் துகள்களை 2021-இல் பார்த்தார்கள். ஆனால் நலமாகத் தெரிந்த பவளங்களிலும் அதே துகள்கள் பிறகு கிடைத்தன. புண்ணில் பாக்டீரியாவைக் கொல்லும் அமாக்ஸிசிலின் மருந்துப் பசை தடவினால் பல இடங்களில் நோய் நிற்கிறது. பாக்டீரியாவுக்கும் இதில் பங்கு இருக்க வேண்டும். அதனால்தான் வைரஸ் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை மாமா.

இனியன்: நல்ல வைரஸை மருந்தாகக் கொடுக்க முடியாதா?

மீனா: கேட்டாய் பார், சரியான கேள்வி! செங்கடலில் முயன்றார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை விட்டதும் ஒரு வெள்ளை நோய் பரவுவது குறைந்தது. ஆனால் பெரிய பாறை முழுவதற்கும் செய்வது வேறு விஷயம். தண்ணீர் சூடாகவே இருந்தால் அந்த வைத்தியமும் போதாது.

கண்ணன் மாமா: சரி, அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு என்ன எழுதட்டும்?

மீனா: "வைரஸ் எப்போதும் அங்கேதான் இருக்கிறது, சூடு அதை எழுப்பக்கூடும்" என்று எழுதுங்கள் மாமா. ஃப்ளோரிடா நோய்க்குக் காரணம் இன்னும் தேடுகிறார்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கண்ணன் மாமா: அப்படியே அனுப்பிவிட்டேன்.