பைகான் போயிட்டு வந்தேன், யார்கிட்டயும் பேசல

காட்பாடி_பையன்:
வேலூர் பக்கத்துல இருந்து யாராவது பைகான் இந்தியாவுக்கு, அதான் பைத்தான்ல ப்ரோக்ராம் எழுதறவங்க கூடற மாநாட்டுக்கு, போயிருக்கீங்களா? நான் ராணிப்பேட்டைல ஒரு தோல் கம்பெனிக்கு ஸ்டாக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதறேன், அங்க ப்ரோக்ராமர்னா நான் ஒருத்தன்தான். பெங்களூர்ல நடந்தப்போ சொந்தக் காசுல டிக்கெட் போட்டு காட்பாடில ட்ரெயின் ஏறி போனேன், ரெண்டு நாளும் மேடைல பேசற ஒரு டாக் விடாம நோட்ஸ் எடுத்தேன், ஆனா டீ பிரேக்ல எல்லாரும் கும்பல் கும்பலா பேசினு இருந்தாங்க, எனக்கு இங்கிலீஷ் படிச்சா புரியும் பேச வராது, ஓரமா நின்னுட்டு வந்துட்டேன். இப்ப பாத்தா டாக் எல்லாம் யூடியூப்லயே இருக்கு. அடுத்த தடவை போறதா வேணாமா?

சத்துவாச்சாரி_அண்ணன்:
போ தம்பி. ஆனா எல்லா டாக்கும் உக்காந்து கேக்காத, அதான் வீடியோ வந்துடுதே. 2019ல சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல நடந்தப்போ நான் பாதி நேரம் வெளியதான் இருந்தேன், அங்க பேசினதுதான் இன்னும் ஞாபகம் இருக்கு. டெவ் ஸ்பிரிண்ட்னு ஒண்ணு வைப்பாங்க, எல்லாரும் சேர்ந்து உக்காந்து கோட் எழுதறது, அதுக்கு கண்டிப்பா இரு. ஓப்பன் சோர்ஸ் (யார் வேணா கோட பாத்து திருத்தம் அனுப்பலாம்) ப்ராஜெக்ட்ட பாத்துக்கறவங்களே பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவாங்க. டாக்குமென்ட்ல தப்பா இருக்கற ஒரு வரிய திருத்தறதுல ஆரம்பிக்கலாம். லேப்டாப்ப நடுவுல வெச்சுனு பேசறப்போ இங்கிலீஷ் அவ்ளோ தேவைப்படாது, கோட காட்டினா போதும்.

பாகாயம்77:
பேக்மேன் ரூல்னு ஒண்ணு இருக்கு ப்ரோ, எரிக் ஹோல்ஷர்னு ஒருத்தர் சொன்னது. வாய தொறந்த பேக்மேன் வீடியோ கேம் பொம்மை மாதிரி, வட்டமா நின்னு பேசறவங்க இன்னொருத்தர் வந்து சேர எடம் விட்டு நிக்கணும். அந்த மாதிரி எடம் இருந்தா தைரியமா போய் நில்லு, கேட்டுனு இருந்தாலே போதும்.

குடியாத்தம்_பொண்ணு:
எனக்கும் மொத தடவை இதேதான் ஆச்சு. அடுத்த வருஷம் லைட்னிங் டாக்குக்கு பேர் குடுத்தேன், அஞ்சே நிமிஷம். பைத்தான்ல "வேலூர்"னு போட்டு நீளம் கேட்டா 6னு வரும், நம்ம கண்ணுக்கு மூணு எழுத்துதான், ஏன்னா யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்துக்கெல்லாம் நம்பர் குடுத்து வெச்சுக்கற முறை) கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி. இத மட்டும்தான் காட்டினேன், பாதி இங்கிலீஷ் பாதி தமிழ். எறங்கினதும் நாலு பேர் அவங்களே வந்து பேசினாங்க.

காட்பாடி_பையன்:
அக்கா, எங்க பில்லுல தமிழ் பேர் வந்தா மட்டும் மேல கீழ நேரா நிக்க வேண்டிய வரிசை கோணலா போவுது, ஒரு மாசமா மண்டைய ஒடைச்சுனு இருக்கேன், நான் நீளத்த எண்ணித்தான் ஸ்பேஸ் போடறேன், இதானா காரணம்? ஞாயித்துக்கெழம கோட்டை கிட்ட எல்லாரும் பாக்கலாமா, லேப்டாப் எடுத்துனு வரேன்.