கலைச்சொல் தேவை: கடைசிப் பக்கத்தில் உடலைத் திறந்துகாட்டும் உத்திக்கு

அனுப்புநர்: மெய்ப்புத் திருத்துநர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஒரு துப்பறியும் நாவலின் மெய்ப்பு பத்து நாளாக என் மேசையில் கிடக்கிறது. கொலையுண்டவள் ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் கணக்கு எழுதுபவள். 202 பக்கம்வரை சிரிக்கிறாள், கைமாற்றுக் கொடுக்கிறாள், வாரத்துக்கு ஒரு பொய் சொல்கிறாள். 203-ஆம் பக்கத்தில் பிணவறை வருகிறது. மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே ஆய்வாளரிடம் சொல்கிறார்: கருப்பை இல்லை, அடிவயிற்றுக்குள் விரைகள் இருந்தன. அந்த வரிக்குப் பிறகு நாவலில் அவள் பெயரே வரவில்லை. 'அவள்' போய் 'அது' வந்துவிடுகிறது. காதலன் கொன்றதற்கும் அதுதான் காரணம் என்று ஆகிவிடுகிறது.

கையெழுத்துப் படியில் இருந்த சொல் 'அலி'. அடித்துவிட்டு 'ஊடுபால்' என்று போட்டேன். பின்னட்டையில் 'இருபாலி' என்று இருக்கிறது. அதை இன்னும் தொடவில்லை. ஆசிரியர் தங்கமானவர், எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் சொல்லை மாற்றிய பிறகும் 203-ஆம் பக்கம் அப்படியேதான் இருக்கிறது.

குரோமோசோம், சுரப்பி, பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காமல் பிறப்பவர்களுக்கு ஊடுபால், இடைப்பால் என்று சொற்கள் வந்துவிட்டன. திருநங்கையும் திருநம்பியும் வேறு. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இத்தகைய சொற்களைப் பட்டியலாக்கி அரசிதழிலேயே வெளியிட்டது. ஆக, மனிதருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அவர் உடலை ஒளித்துவைத்து, கடைசியில் திறந்து, அதையே கதையின் விடையாக்கும் உத்திக்கு என்ன பெயர்? எனக்குத் தோன்றியது 'உடற்புதிர்'. அடித்துப் போடுங்கள்.

அனுப்புநர்: ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை, ஏற்காடு

> பின்னட்டையில் 'இருபாலி' என்று இருக்கிறது

தம்பி, முதலில் அதை எடுங்கள். என் வீட்டுப் பின்புறம் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கதிரைக் கிள்ளி உருப்பெருக்கியில் வைத்தால், மணிபோன்ற சூலகமும் அதன் இருபுறமும் ஒவ்வொரு மகரந்தத்தாளும் தெரியும். ஒரே பூவில் இரண்டும் உண்டு, இரண்டும் வேலை செய்யும். காட்டு மிளகில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. தோட்டத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்தது இந்த இருபால் பூவைத்தான். பப்பாளியில் கோ 3, கோ 7 இரகங்களிலும் இருபால் மரம் உண்டு. மண்புழுவும் அப்படித்தான். அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இருக்கிறது. மனிதரில் இரண்டும் முழுமையாக இயங்கும் உடல் கிடையாது. நாவலில் வரும் அந்தப் பெண்ணின் உடல் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் சுரப்புநீருக்குச் செவிசாய்க்காத உடல், அவ்வளவுதான். அவளை இருபாலி என்பது வசை மட்டுமல்ல, பாடமும் தப்பு.

'உடற்புதிர்' எனக்குப் பிடிக்கவில்லை. புதிர் என்றதும் விடையை அவிழ்க்கக் கை பரபரக்கும். எழுதுகிறவருக்கு நாமே ஆசை காட்டியதாக ஆகும். 'மெய்யவிழ்ப்பு' என்று வைத்தால் என்ன?

அனுப்புநர்: முன்னாள் துணை ஆசிரியர், ஆத்தூர்

டீச்சரின் 'மெய்யவிழ்ப்பு' காதுக்கு இனிமை. அதுதான் ஆபத்து. மெய் என்றால் உடல், மெய் என்றால் உண்மை. உடலை அவிழ்த்தால் உண்மை கிடைத்துவிடும் என்ற எண்ணத்தோடுதானே நமக்குச் சண்டை? அதைச் சொல்லுக்குள்ளேயே குடிவைக்கலாமா?

இன்னொன்று. நீங்கள் எல்லோரும் நாவலையே பார்க்கிறீர்கள். நான் செய்தி மேசையில் இருந்தவன். 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பிறகு பதக்கத்தைப் பறித்தார்கள். 'பாலினச் சோதனையில் தோல்வி' என்றுதான் நாங்கள் எழுதினோம். எங்கள் பதிப்பில் அந்தத் தலைப்பை வைத்த கை என்னுடையது. தேர்வு எழுதாதவர் எப்படித் தோற்பார்? பதக்கத்தைப் பறித்தவர்கள் வாக்கியத்தில் எங்கேயும் இல்லை. தோற்றவர் மட்டும் நிற்கிறார். அன்று இரவு இரண்டு மணிக்குப் பக்கத்தை முடித்து டீ குடிக்கப் போனது நினைவிருக்கிறது. உறுத்தல் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

ஆகவே சொல் கதைக்கும் செய்திக்கும் பொதுவாக இருக்க வேண்டும், செய்தவனையும் காட்ட வேண்டும். என் பரிந்துரை 'துகிலுரிப்பு'. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் துகிலுரிப்பு பார்த்திருப்பீர்கள். துச்சாதனன் வேடக்காரர் புடவை முனையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பார். உரிய உரியச் சேலை வளரும், உரிந்தவன் களைத்து விழுவான். நம் நாவல்களில் சேலை வளர்வதில்லை, எழுதியவரும் களைப்பதில்லை.

பின்குறிப்பு: நாவலின் பின்னுரையில் ஊடுபாலர் 'நூற்றுக்கு 1.7 பேர்' என்று இருந்தால் வரையறையையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அது அமெரிக்க உயிரியலாளர் ஆன் ஃபாஸ்டோ-ஸ்டெர்லிங் தரப்பின் கணக்கு. எந்தெந்த நிலைகளைச் சேர்ப்பது என்பதைப் பொறுத்து, அமெரிக்க மருத்துவர் லெனார்ட் சாக்ஸ் கணக்கில் அது 0.018 விழுக்காடாகச் சுருங்குகிறது.

அனுப்புநர்: மெய்ப்புத் திருத்துநர், செவ்வாய்ப்பேட்டை

ஐயா, உடற்புதிரைக் கைவிடுகிறேன். 'பேடு' என்ற பழஞ்சொல்லைப் பரிந்துரைத்துத் தனிமடல்கள் வந்தன. நன்னூல் பேடு என்பது பெண்மை விட்டு ஆண்மையையும், ஆண்மை விட்டுப் பெண்மையையும் அவாவுவோரை. அங்கே பேச்சு விருப்பத்தைப் பற்றியது, பிறந்த உடலைப் பற்றியது அல்ல. போதாக்குறைக்கு, பேடி என்றால் கோழை என்றும் ஆக்கிவைத்திருக்கிறோம்.

துகிலுரிப்பை இரண்டு நூல்களில் உரசிப் பார்த்தேன். ஜெஃப்ரி யூஜெனிடிஸின் 'மிடில்செக்ஸ்' (2002) என்ற ஆங்கில நாவல் ஒன்று. அதில் ஊடுபாலரான கதைசொல்லி தான் முதலில் பெண்ணாகவும் பிறகு ஆணாகவும் இருமுறை பிறந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுகிறார், ஒளிவுமறைவு இல்லை. ஆகவே துகிலுரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் தாத்தாவும் பாட்டியும் உடன்பிறந்தவர்கள் என்று அமைத்து, பேரப்பிள்ளையின் உடலை அந்த வினையின் பலனாக்குகிறது. அதற்கு வேறு சொல் வேண்டும். இன்னொரு நாள் பார்ப்போம். மற்றொன்று பிரான்சைச் சேர்ந்த ஊடுபாலர் எர்குலின் பார்பனின் தன்வரலாறு. பெண்ணாக வளர்ந்து, ஆண் என்று சட்டப்படி மாற்றப்பட்டு, 1868-இல் தற்கொலை செய்துகொண்டவர். தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்தார். அவர் இறந்ததும் மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்த்தார்கள். அவர் எழுதிவைத்த குறிப்புகளையும் மருத்துவர் ஒருவர்தான் முதலில் தம் நூலில் சேர்த்து அச்சேற்றினார். 1978-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ அதைத் தனி நூலாகப் பதிப்பித்தார். சொந்தக் குரலே பிணவறை வழியாக வந்துசேர்ந்திருக்கிறது. என் நாவலின் 203-ஆம் பக்கத்துக்கு இவ்வளவு நீளமான வம்சம் இருப்பது தெரியாமல் போயிற்று.

ஒரே தயக்கம்: துகிலுரிப்பு என்ற சொல் பாதிக்கப்பட்டவர்களையே மறுபடி கூச வைக்குமா?

அனுப்புநர்: (பெயர் வேண்டாம்), சேலம்

ஆறு ஆண்டுகளாக இந்த மடல்களை வாசிக்கிறேன், எழுதியதில்லை. நான் ஊடுபாலர்.

எட்டு வயதில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டுக்காரர்கள் ஒன்பது பேர். பெரியவர் பேனா மூடியால் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தினார். நீல மூடி, நுனி கடிபட்டிருந்தது. சொல் என்னைக் கூச வைக்காது ஐயா. எனக்கு நடந்ததற்கு அதுதான் பெயர். குழந்தைகளுக்குத் தேவையில்லாமல் செய்யும் பால் அறுவைக்கு எதிராக மதுரைக் கிளை நீதிமன்றம் 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது, ஆகஸ்டில் உயிராபத்து இல்லாத நிலையில் செய்யக் கூடாது என்று அரசாணையும் வந்தது. செய்தித்தாளை மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். எனக்கு அது காலம் கடந்த கடிதம்.

சொல்லைவிட வினைமுற்றுகள்தான் என்னை உறுத்துகின்றன. ஊடுபால் குழந்தை பிறக்கும் காட்சி என்றால் எல்லோரும் திணறித் திணறி எழுதுகிறார்கள். தமிழில் என்ன திணறல்? குழந்தை அழுதது, பால் குடித்தது, தூங்கிவிட்டது. நம் மொழி கொடுத்திருக்கிற இடம் அது. என் அம்மா இன்றைக்கும் பக்கத்து வீட்டில் "பிள்ளை சாப்பிட்டுவிட்டது" என்றுதான் சொல்கிறார். எனக்கு வயது 34. அந்த 'அது'வில் நான் குறைந்துபோனதில்லை. நாவல் 203-ஆம் பக்கத்தில் போடும் 'அது'வும் இந்த 'அது'வும் ஒரே எழுத்துகள்தான். பிள்ளைக்குச் சொல்லும் 'அது', பிணத்துக்குச் சொல்லும் 'அது'. திருத்துநர் ஐயா அந்த இடத்தில் 'அவள்' என்றே போடலாம். அவள் அப்படித்தானே வாழ்ந்தாள்?

பிறகு, துகிலுரிப்புக்கு மறுநாளை யாரும் எழுதுவதில்லை. மறுநாள் நான் பொன்னி அரிசிக் கஞ்சி குடித்தேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், அம்மா கொய்யாப்பழம் வாங்கித் தந்தார்.

அனுப்புநர்: மெய்ப்புத் திருத்துநர், செவ்வாய்ப்பேட்டை

குழுவினருக்கு,

'துகிலுரிப்பு' என்றே பட்டியலில் ஏற்றுகிறேன். வரையறை: ஒருவரின் ஊடுபால் உடலை, அவர் கேட்காமல், கதைத் திருப்பமாகவோ செய்தித் தலைப்பாகவோ அம்பலப்படுத்தும் எழுத்து முறை. வினையாகவும் வழங்கலாம்: 'இந்த நாவல் துகிலுரிக்கிறது'. ஊடுபாலர் தாமே தம் உடலைப் பற்றி எழுதுவது இதில் சேராது.

நேற்று மாலை நாவலாசிரியர் வந்திருந்தார். மடல்களை அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். 203-ஆம் பக்கச் செய்தியைப் 12-ஆம் பக்கத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டார். தோழியிடம் அவளே சொல்வதாக, ஏற்காட்டுப் பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவில் இருவரும் சாய்ந்துவிழும் நேரத்தில். 'அது' எல்லாம் 'அவள்' ஆகிவிட்டது. பின்னட்டையும் சரி.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. 12-ஆம் பக்கத்திலேயே தெரிந்த பிறகு காதலன் அவளைக் கொல்லக் காரணம் இல்லாமல் போயிற்று. ஆசிரியர் வேறு காரணம் தேடிக்கொண்டிருக்கிறார். தோட்டத்துக் கணக்கில் கை வைத்தது யார் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.