குளத்தடி ஒழுங்கைக் குழு: தெற்கு மூலைக் கூடு

ஞாயிறு, காலை 6.48

ரீச்சர் அக்கா: எல்லோருக்கும் வணக்கம். ஓர் அவசர விடயம். நம் குளத்தின் தெற்கு மூலையில், ஆலமரத்துக்கு நேரே கோரைக்குள் முக்குளிப்பான் கூடு கட்டியிருக்கிறது. சனிக்கிழமை சிரமதானத்தில் அந்த மூலையைத் தொட வேண்டாம்.

சந்திக்கடை அண்ணை: முக்குளிப்பான் என்றால் அந்தக் குட்டித் தாராவா?

ரீச்சர் அக்கா: தாரா மாதிரித் தெரியும் அண்ணை, ஆனால் தாரா இல்லை. தாராவுக்குச் சொண்டு தட்டை, இதற்குக் கூர். கழுத்து செம்மண் நிறம், சொண்டடியில் வெளிர்மஞ்சளாக ஒரு பொட்டு. ஆள் கிட்டப் போனால் அநேகமாகப் பறக்காது, டுபுக்கென்று தாழ்ந்துபோய் வேறெங்கோ எழும்பும்.

பெரிய மாமி: ஓ, விடியவெள்ளன கெக்கெக்கெக் என்று நடுங்குகிற மாதிரிக் கத்துகிறது அதுதானா? நான் இவ்வளவு நாளும் கானாங்கோழி என்று நினைத்தேன்.

ரீச்சர் அக்கா: அதேதான் மாமி. கானாங்கோழி உங்கள் வேலியடியில் திரிகிற வெள்ளை நெஞ்சுக்காரி.

மாஸ்டர்: பிள்ளை, சனசமூக நிலையத்தில் மண் அள்ளுகிற பெக்கோ மெஷின் பேசி முற்பணமும் கொடுத்தாயிற்று. தைப்பூசத்துக்கு முன் குளம் துப்புரவாக வேண்டும். சல்வீனியா பாதிக் குளத்தை மூடிவிட்டது.

ரீச்சர் அக்கா: சல்வீனியாவை எடுக்கத்தான் வேண்டும் மாஸ்டர், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அது எங்கள் ஊர்ச் செடியே இல்லை, வெளிச்சத்தை மறைத்துத் தண்ணீரைக் கெடுக்கிறது. ஆனால் கோரையும் அல்லியும் அப்படியில்லை. பெக்கோ இரண்டையும் பிரித்துப் பார்க்காது.

இன்று ஆலமரத்தடியில் அசையாமல் இருபது நிமிடம் நின்றேன். கூடென்று சொல்ல ஒன்றுமில்லை, அழுகின பாசிக் குவியல், கோரைத் தண்டில் பிணைத்தபடி தண்ணீரில் மிதக்கிறது. யாரோ சைக்கிளில் வந்த சத்தம் கேட்டதும் பறவை எழுந்து, சொண்டால் மூன்று நான்கு தடவை பாசியை இழுத்து முட்டையை மூடிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது. இரண்டு விநாடி இருக்கும். நானே கண்ணால் பார்த்திராவிட்டால் அது குப்பைதான் என்று சொல்லியிருப்பேன். முட்டை முதலில் வெள்ளை, பாசி ஊறி ஊறிப் பழுப்பாகிவிடும்.

சந்திக்கடை அண்ணை: கரையில் கட்டினால் என்ன அதுக்கு?

ரீச்சர் அக்கா: கால் இரண்டும் உடம்பின் கடைசியில் இருக்கிறது அண்ணை. நீந்துவதற்கு வசதி, நடக்கத்தான் கஷ்டம். அதனால் வீடும் தண்ணீரில். பெக்கோ வாளி ஒருமுறை அள்ளினால் எல்லாம் முடிந்துவிடும்.

கனடாத் தங்கச்சி: அக்கா, இங்கே பூங்காக் குளங்களில் பறவைகளுக்குப் பாண் போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே இன்னும் போடுகிறார்களா?

ரீச்சர் அக்கா: போடுகிறார்கள். பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டி வந்து அன்பாகத்தான் போடுகிறார்கள். அதில் சத்தில்லை, மிச்சம் புளித்துத் தண்ணீர் நாறுகிறது. முக்குளிப்பான் பாணைத் திரும்பியும் பார்க்காது, அதற்குச் சின்ன மீனும் தண்ணீர்ப் பூச்சியும்தான். பிள்ளைகளுக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், போதும்.

ஞாயிறு, இரவு 8.15

மாஸ்டர்: பின்னேரம் அராலிப் பக்கம் போனேன். ஊசிவால் தாரா கூட்டமாக நிற்கிறது. தலையைக் கீழே போட்டு வாலை மேலே தூக்கி மேய்கிறது. சைபீரியாப் பக்கமிருந்து வந்து வெயில் ஏற முன்னம் திரும்பிப் போய்விடுமாம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் இருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடக்கிறது என்று மகன் சொன்னான். நம் குளத்தையும் யாராவது எண்ணலாமே.

ரீச்சர் அக்கா: எண்ணலாம் மாஸ்டர். என் கொப்பியில் தினமும் எழுதுகிறேன். இன்று முக்குளிப்பான் 2, கொக்கு 5, நீர்க்காகம் 3. நடுக்குளத்தில் சீழ்க்கைத் தாரா 11, அவை கிளம்பும்போது விசில் அடிக்கிற மாதிரி இருக்கும். நாமக்கோழி இந்த வருடம் இன்னும் வரவில்லை.

அராலிக்கு வருகிறவை விருந்தாளிகள். முக்குளிப்பான் இங்கேயே வருடம் முழுக்க இருக்கிற குடும்பம். அதுதான் எனக்கு இந்தத் தவிப்பு.

மாஸ்டர்: எத்தனை நாள் தேவை?

ரீச்சர் அக்கா: அடைகாப்பு ஏறக்குறைய மூன்று கிழமை. எப்போது முட்டையிட்டது என்று தெரியாது, ஆகவே முழு மூன்று கிழமை கேட்கிறேன். குஞ்சு பொரித்த பிறகு தாய் தகப்பன் முதுகில் ஏறிக்கொண்டு திரியும்.

பெரிய மாமி: மாஸ்டர், அந்த மூலையை விடுங்கோ. பூசத்துக்கு வருகிற சனம் வடக்குப் படியில்தான் இறங்கும்.

மாஸ்டர்: சரி. பெக்கோ வடக்கு, கிழக்குப் பக்கம் மட்டும். மேற்கில் சல்வீனியாவைக் கையால் அள்ளுவோம், ஆள் கூட வேண்டும். தெற்கு மூலை பிறகு பார்ப்போம்.

சந்திக்கடை அண்ணை: நான் இரண்டு பெடியளைக் கூட்டி வருகிறேன். தேத்தண்ணியும் என் பொறுப்பு.

ரீச்சர் அக்கா: நன்றி மாஸ்டர், நன்றி அண்ணை. ஆலமரத்திலிருந்து மதகு வரை கயிறு கட்டிவிடுகிறேன். படம் எடுக்கவென்று யாரும் கயிற்றைத் தாண்ட வேண்டாம், கிட்டப் போனால் பறவை எழும்ப, காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பெரிய மாமி: பழைய கிணற்றுக் கயிறு வீட்டில் கிடக்கிறது. விடிய வரும்போது எடுத்துக்கொண்டு போ.