ஐ-601 வெய்வரும் மும்பை நேர்காணலும்: எங்கள் நான்கு வருட அனுபவம்

அமெரிக்காவில் அனுமதி முடிந்தும் தங்கியவருக்கு மறுபடி உள்ளே வர விழும் தடையை நீக்கக் கேட்கும் மனுதான் ஐ-601 வெய்வர். இதே பாதையில் இப்போது நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் தொடங்கியபோது இதைப் பற்றித் தமிழில் விவரமாகச் சொல்ல எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் அரைகுறைத் தகவலும் பயமுறுத்தலும்தான்.

என் கணவர் எச்-1பி என்ற வேலை விசாவில் நியூ ஜெர்சியில் வேலை பார்த்தவர். கம்பெனி போட்ட நீட்டிப்பு மனு 2014 அக்டோபர் 17 அன்று நிராகரிக்கப்பட்டது. மறுபரிசீலனைக்குப் போட்டிருக்கிறோம், அது நிலுவையில் இருக்கும்வரை கவலை வேண்டாம் என்று கம்பெனி சொன்னதை நம்பி இருந்துவிட்டார். அது தப்பு. அப்படி ஒரு மனு போட்டதாலேயே, அனுமதியில்லாமல் தங்கும் நாள் கணக்கு நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். அடுத்த வருடம் டிசம்பர் சென்னை வெள்ளத்தில் முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மாமாவும் அத்தையும் (அவருடைய அப்பா அம்மா) மொட்டை மாடியில் இரண்டு ராத்திரி இருந்தார்கள் என்று கேட்டதும் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சென்னை விமான நிலையம் திறந்து சில நாளில், டிசம்பர் 9 அன்று கிளம்பிவிட்டார். கூட்டிப் பார்த்தால் 417 நாள்.

சட்டம் இப்படி: அனுமதி முடிந்தபின் 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குக் குறைவாகத் தங்கிவிட்டுத் தானாக வெளியேறினால் 3 வருடத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கினால் 10 வருடம். 1996-ல் வந்த சட்டம், 1997 ஏப்ரல் 1 முதல் நாளை எண்ணுகிறார்கள். இதில் பலருக்கும் தெரியாத விஷயம், அந்தத் தடை உள்ளே இருக்கும்வரை விழாது, நாட்டை விட்டு வெளியே காலடி வைக்கும்போதுதான் விழும். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு நாள் எண்ணும் முறையே வேறு. அதனால் என் கணக்கை அப்படியே உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

நான் 2016-ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினேன். 2018 பிப்ரவரியில் தாம்பரத்தில் கல்யாணம். மே மாதம் கணவரை அழைத்துக்கொள்வதற்கான ஐ-130 மனு போட்டேன், அப்போது கட்டணம் 535 டாலர். அடுத்த பிப்ரவரியில் ஒப்புதல் வந்தது. அப்புறம் நேர்காணலுக்கு முன் ஆவணங்களைச் சரிபார்க்கும் நேஷனல் விசா சென்டர். அங்கே 325-ம் 120-ம் கட்டி, டிஎஸ்-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, ஆவணங்களை ஏற்ற வேண்டும். சம்பளம் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று நான் உறுதிப் பத்திரம் தர வேண்டும். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் பெயரில்தான். இவருடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு இன்னொன்று. நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்க மாமா நகராட்சிக்கு நாலு மாதம் நடந்தார். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

நேர்காணலுக்கு முன்பு சென்னையில் விசா ஆலோசனை சொல்லும் ஒருவரிடம் இவர் போனார். அவர் சொன்னது இது: “எத்தனை நாள் இருந்தீங்கன்னு அவங்களே கேட்டாதான் சொல்லணும். கேட்டாலும் ஆறு மாசத்துக்குள்ளன்னு சொல்லிடுங்க. யார் போய்ப் பார்க்கப் போறா?” இவர் எனக்கு போன் செய்து கேட்டார். நான் அன்று போட்ட சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டது. அதிகமாகத் தங்கியதற்கு 10 வருடம். ஆனால் விசா அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொன்னது நிரூபணமானால் அந்தத் தடைக்குக் காலவரையறையே கிடையாது, ஆயுள் முழுக்க நிற்கும். போன தேதியும் வந்த தேதியும் அவர்கள் கணினியில் இருக்கின்றன. டிஎஸ்-260-லேயே அதிகமாகத் தங்கினீர்களா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டு 417 நாளையும் எழுதியிருந்தோம். யாராவது உங்களுக்கு இப்படி யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

2020 ஜனவரியில் மும்பையில் நேர்காணல். நாங்கள் சென்னைக்காரர்கள், ஆனால் எங்கள் வழக்கு மும்பை தூதரகத்துக்குத்தான் போயிற்று. பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறது. செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. அங்கே காலை 9 மணி என்றால் எனக்கு முந்தின நாள் இரவு பத்தரை. ஐந்து மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றே முக்காலுக்கு அழைத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி. வலது கையைத் தூக்கி உறுதிமொழி, விரல் ரேகை. எப்படிப் பழக்கம், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், மனைவி என்ன வேலை பார்க்கிறார். அப்புறம், ஏன் திரும்பிப் போனீர்கள் என்று கேட்டிருக்கிறார். வெள்ளத்தைச் சொன்னாராம். எத்தனை நாள் அதிகம் இருந்தீர்கள்? 417. அந்த அம்மா தலையாட்டிவிட்டு, “உங்கள் திருமணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இன்றைக்கு விசா தர எனக்கு அதிகாரம் இல்லை” என்று நிதானமாகச் சொல்லி ஒரு தாளைத் தந்திருக்கிறார். அதில் ஒரு பிரிவு எண்ணுக்கு நேரே டிக். வெய்வருக்கு விண்ணப்பிக்கலாம் என்ற இடத்திலும் டிக். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது டிக்கைத்தான். அது இருந்தால் கதவு திறந்திருக்கிறது.

ஏற்கெனவே வெளியே இருப்பவர்கள் இந்த மறுப்பு வந்த பிறகுதான் ஐ-601 போட முடியும். என்னோடு வேலை செய்யும் எல் சால்வடோர் பெண்ணின் கணவருக்கு ஐ-601ஏ என்ற வழி கிடைத்தது. அது 2013-ல் வந்தது. அமெரிக்காவுக்குள் இருக்கும்போதே ஒப்புதல் வாங்கிக்கொண்டு நேர்காணலுக்குப் போய்வரலாம். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நல்ல வக்கீலைப் பார்த்திருந்தால் எங்கள் கதையும் வேறு மாதிரி போயிருக்குமோ என்று எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். வெள்ளத்தில் அப்பா அம்மா இருக்கும்போது வக்கீலைத் தேடு என்று யார் சொல்வது?

சரி, வெய்வருக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் 930 டாலர் கட்டிப் போட்டோம். இதில் நான் செய்த பெரிய தப்பை விவரமாகச் சொல்ல வேண்டும்.

ஐ-601-ல் நிரூபிக்க வேண்டியது, விசா கேட்பவர் படும் கஷ்டத்தை இல்லை. அவருடைய மனைவியோ கணவரோ பெற்றோரோ குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருந்து, அவர்களுக்கு ‘மிகக் கடுமையான துன்பம்’ வரும் என்றுதான் காட்ட வேண்டும். இந்தத் தடைக்குப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். பிள்ளையின் கஷ்டத்தை எழுதலாம், ஆனால் அது என்னை எப்படிப் பாதிக்கிறது என்று எழுத வேண்டும். நானோ முதல் கடிதத்தில் மூன்று பக்கம் அவரைப் பற்றியே எழுதினேன். எவ்வளவு நல்லவர், மாமா அத்தையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று. என்னைப் பற்றி எழுதும்போது கை வரவில்லை. அம்மா டயாலிசிஸில் இருக்கிறாள், ஆனால் சமாளிக்கிறோம். இரண்டு இடத்தில் வேலை பார்க்கிறேன், கடவுள் புண்ணியத்தில் குறையில்லை. இப்படியேதான் எழுதி வைத்தேன். கஷ்டத்தை வெளியே சொல்லக்கூடாது என்றுதானே வளர்த்திருக்கிறார்கள்.

2021 வசந்த காலத்தில் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தது. இந்த முறை வேறு வக்கீலிடம் போனேன். என் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் கேட்டார்: “சமாளிக்கிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் அவர்கள் எதற்கு வெய்வர் தர வேண்டும்?” எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு நாளை விடிந்ததிலிருந்து சொல்லுங்கள் என்றார். சொல்ல முடியாமல், வீட்டுக்குப் போய் சமையலறைக் காலண்டரைப் படம் எடுத்து அனுப்பினேன். இந்திய மளிகைக் கடையில் இலவசமாகத் தந்த காலண்டர். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் சிவப்பில் ‘அம்மா’. ஆய்வகத்தில் எனக்கு இரவுப் பணி இருந்த நாள்களில் நீலத்தில் வட்டம். பையனுக்குப் பேச்சு வரத் தாமதமாகி, மாநிலத்தின் சிறுவயதுத் திட்டத்தில் பேச்சுப் பயிற்சி தொடங்கியிருந்தோம், அது பென்சிலில். சில கட்டங்களில் மூன்றும் இருந்தன. பிப்ரவரியில் ஒரு செவ்வாயில் ‘அம்மா’ மேல் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பனிப்பொழிவில், விடிய விடிய வேலை பார்த்துவிட்டு வந்து வண்டி ஓட்ட முடியாமல் அம்மாவைக் கூட்டிப்போகாத நாள் அது. அடுத்த நாளே மூச்சு வாங்கி அவசரப் பிரிவில் சேர்த்தோம்.

அந்தக் காலண்டர் மூன்று மாதத்துக்கு அப்படியே நகலெடுத்து மனுவில் போனது. அதற்கு ஏற்ப டயாலிசிஸ் மையத்தின் வருகைப் பதிவு, அவசரப் பிரிவு பில், என் சம்பளச் சீட்டு, குழந்தைக் காப்பக ரசீது, பேச்சுப் பயிற்சியாளர் அறிக்கை. உளவியலாளரிடம் மூன்று முறை போனேன், எனக்கு மனச்சோர்வு என்று எழுதினார். அந்த வார்த்தையைப் பார்த்து நாலு நாள் யாரிடமும் பேசவில்லை. ஆனால் உண்மை அது. பக்கத்து வீட்டு குஜராத்தி ஆன்ட்டி, தான் எத்தனை ராத்திரி என் பையனைப் பார்த்துக்கொண்டார் என்று கையெழுத்திலேயே எழுதித் தந்தார்.

பிரிந்திருந்தால் என்ன ஆகும் என்பதோடு, நான் இந்தியா போனால் என்ன ஆகும் என்பதையும் எழுதச் சொன்னார் வக்கீல். அம்மாவை யார் பார்ப்பது, பையன் பயிற்சி என்னாவது, என் வேலைக்கான உரிமம் அங்கே செல்லுமா. இதை முதல் மனுவில் நான் தொடவே இல்லை. பலரும் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

அக்டோபரில் ஒப்புதல் வந்தது. பழைய மருத்துவப் பரிசோதனை காலாவதியாகியிருந்தது, மறுபடி எடுக்க வேண்டும். அந்த மாதம் முதல் கோவிட் தடுப்பூசியையும் அப்போது கட்டாயமாக்கியிருந்தார்கள், நல்லவேளை போட்டிருந்தார். 2022 பிப்ரவரியில் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்தது. கிரீன் கார்டுக்கு 220 டாலரை அவர் கிளம்புவதற்கு முன்பே கட்டிவிட்டோம்.

மார்ச்சில் நியூ ஜெர்சியின் நெவார்க் விமான நிலையத்தில் இறங்கினார். வெளியே நானும் பையனும். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று, ஆளைக் காணோம். உள்ளே தனி அறைக்குக் கூட்டிப்போயிருந்தார்களாம். கோப்பைப் புரட்டிய அதிகாரி, போன முறை எத்தனை நாள் கூடுதலாக இருந்தீர்கள் என்று அவரும் கேட்டாராம்.

417 என்று இவர் சொன்னதும் முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.