இரட்டையரில் இரண்டாவது குழந்தை குறுக்காக இருக்கிறது: சுகப்பிரசவத்துக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு இது 35-ஆவது வாரம். தனித்தனிப் பனிக்குடமும் தனித்தனி நஞ்சுக்கொடியும் உள்ள இரட்டைக் குழந்தைகள். முதல் குழந்தைக்குத் தலை கீழே திரும்பிவிட்டது, இரண்டாவது குறுக்காகக் கிடக்கிறது. மருத்துவர் சுகப்பிரசவத்துக்கு முயலலாம் என்கிறார். ஒன்று சுகமாகப் பிறந்து மற்றதற்கு வயிற்றைக் கிழிக்க நேர்ந்தால் இரண்டு வேதனையையும் பட வேண்டுமே என்று அஞ்சும் என் மாமியார், நாள் பார்த்து சிசேரியன் செய்துவிடச் சொல்கிறார். இரண்டாவது குழந்தைக்கு எது பாதுகாப்பு?

மறுமொழி (மகப்பேறு மருத்துவர்)

உங்கள் மருத்துவர் சொல்வதற்கு வலுவான அடிப்படை உண்டு. முதல் குழந்தை தலைகீழாக இருந்த சுமார் 2,800 கர்ப்பிணிகளிடம் 25 நாடுகளில் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், குழந்தை இறப்போ கடும் பாதிப்போ திட்டமிட்ட சிசேரியனில் 2.2 விழுக்காடாகவும், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 1.9 விழுக்காடாகவும் இருந்தது. சிசேரியன் கூடுதல் பாதுகாப்பு எதையும் தரவில்லை. உங்கள் மாமியார் அஞ்சும் நிலை, சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேருக்கே வந்தது. ஆனால் சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு இரு குழந்தைகளுமே கடைசியில் சிசேரியனில் பிறந்தன என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் குழந்தை வெளியேறியதும் இடம் விரிவதால் இரண்டாவது தன் நிலையை மாற்றிக்கொள்வதுண்டு. அப்போதும் குறுக்காகவே இருந்தால், பனிக்குடம் உடையும் முன்பே மருத்துவர் கையை உள்ளே செலுத்தி, பாதங்களைப் பற்றி, கால்வழியாகக் குழந்தையை எடுப்பார். இதற்குக் கைப்பழக்கம் வேண்டும். அது எல்லாருக்கும் இருப்பதில்லை. அப்படிப்பட்டவர் நள்ளிரவிலும் வருவாரா என்று இப்போதே கேளுங்கள். வரமாட்டார் என்றால் நானே உங்களுக்குச் சிசேரியனைத்தான் சொல்வேன்.

மறுமொழி (பிரசவ அறைச் செவிலியர்)

தம்பி, அறையில் ஸ்கேன் கருவி இருக்குமா, மயக்க மருந்து நிபுணர் உடனிருப்பாரா, முதல் பிரசவத்துக்குப் பின் வலி குறைந்தால் ஏற்ற ஆக்சிடோசின் (வலியைத் தூண்டும் மருந்து) தயாராக இருக்குமா என்பதையும் கேளுங்கள். இரட்டையரால் விரிந்த கருப்பை சரியாகச் சுருங்காமல் உதிரப்போக்கு மிகலாம். ரத்தத்துக்கு முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. இரண்டாவது குழந்தை 200 கிராம் கூடுதல் என்று ஸ்கேனில் உள்ளது. அது தடையாகுமா?

மறுமொழி (மகப்பேறு மருத்துவர்)

ஆகாது. ஸ்கேன் எடைக் கணிப்பே அந்த அளவுக்கு முன்பின் இருக்கும். இரண்டாவது மிகவும் பெரிதாக இருந்தால்தான் மறுபடி யோசிக்க வேண்டும். முதல் குழந்தையின் தலை மேலே திரும்பிவிட்டாலும் திட்டத்தை மாற்ற வேண்டிவரும்; ஆகவே வலி கண்டு சேரும்போது மீண்டும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.