மறு: ‘அப்நார்மல் பிஹேவியர்’: நெறிபிறழ்வா, இயல்புவிலகலா?

வணக்கம் நண்பர்களே, உளவியலில் வரும் ‘அப்நார்மல் பிஹேவியர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘நெறிபிறழ் நடத்தை’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரிகிறதே?

புரிகிறது ஐயா, சிக்கலே அதுதான். நெறி பிறழ்ந்தவர் என்றால் ஒழுக்கம் கெட்டவர் என்றுதான் காதில் விழும். கதவு பூட்டியிருக்கிறதா என்று இருபது தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போக முடியாமல் அழுகிறவர் எந்த நெறியை மீறினார்?

‘நார்ம்’ என்ற சொல்லில் இரண்டு பொருள் ஒட்டிக்கிடக்கின்றன: பெரும்பாலோர் இருக்கிற நிலை, சமூகம் வகுத்த விதி. தமிழில் முன்னது இயல்பு, பின்னது நெறி. விதியின் பக்கம் சாய்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு நோயாக்கி ‘டிராப்டோமேனியா’ என்று பெயர் சூட்டினார். தன்பால் ஈர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நோய்ப்பட்டியலிலிருந்து எடுத்ததே 1973-இல்தான்.

சரி, ‘அசாதாரண நடத்தை’? அசாதாரணத் திறமை என்று பாராட்டவும் செய்கிறோமே. எண்ணிக்கைப்படி அதில் தப்பில்லை. நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 70-க்குக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு அரிதோ, கிட்டத்தட்ட அவ்வளவு அரிது 130-க்கு மேலே இருப்பவர்களும். ஆனால் மேலே இருப்பவர்களை யாரும் சிகிச்சைக்கு அனுப்புவதில்லை. அதனால்தான் வேதனை, அன்றாடச் செயல்பாடு குலைவது, தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று மற்றவற்றையும் உளவியலார் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஜெரோம் வேக்ஃபீல்டு என்ற அமெரிக்க அறிஞர் 1992-இல் இதை இன்னும் இறுக்கினார்: மனத்தின் ஏதோ ஓர் இயக்கம் தன் இயற்கையான வேலையைச் செய்யத் தவற வேண்டும், அதனால் தீங்கும் நேர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் கோளாறு. எது தீங்கு என்பதைச் சமூகம்தான் சொல்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். நெறி கொல்லைப்புறமாக உள்ளே வந்துவிடுகிறது!

பொதுச்சொல்லாக ‘இயல்புவிலகல்’ என்பது என் பரிந்துரை. புள்ளியியலில் ‘திட்ட விலக்கம்’ (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்) ஏற்கெனவே இருப்பதால் உறவும் தெரியும். ‘டிஸ்ஆர்டர்’ உளக்கோளாறு, ‘டிஸ்ஃபங்ஷன்’ செயற்குலைவு.

இன்னொன்று. பிறழ்வு, சிதைவு என்றாலே உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னதாகிவிடுகிறது. பயம் என்பது கற்றுக்கொண்டது என்னும் நடத்தையியலார் கணக்கில் எதுவும் உடையவில்லை. ஏற்கெனவே உள்ள பலவீனத்தோடு வாழ்க்கை நெருக்கடியும் சேர்ந்தால்தான் கோளாறு வெளிப்படும் என்பவர்களுக்கு உள்ளே உடைந்தது என்பது பாதிக் கதைதான். ‘விலகல்’ காரணம் எது என்ற இந்தச் சண்டையில் தலையிடாது.

பாடநூல்களில் பழகிய சொல்லை மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். ஜப்பானில் ஸ்கிசோஃப்ரினியாவுக்கு இருந்த, ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்படும் பெயரை 2002-இல் கைவிட்டு, ‘ஒருங்கிணைவுக் கோளாறு’ என்ற பொருளில் புதுப்பெயர் வைத்தார்கள். நாம் அதே நோயை இன்னும் மனச்சிதைவு என்கிறோம். அதற்குத் தனி இழை தொடங்கலாமா?